மூடிக்குள் எரிந்த சுருள்

பத்துமலையால் ஓர் இடத்தில் நிலையாக இருக்க முடியாது. சுங்காய்ப் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்தவன். பதினெட்டு வயதில் ஈப்போவுக்கு வந்து லோரியில் ஓட்டுநருக்கு உதவியாளாக, கெலிண்டானாக ஏறினான். பெட்ரோல் நிலையத்தில் நின்றான். ஐஸ் கம்பெனியில் பாளம் சுமந்தான். தபாலில் ரேடியோ பாடம் படித்து, முப்பதாவது வயதில் குனோங் ராபாட்டில் ஒரு சைக்கிள் கடையின் பாதியை வாடகைக்குப் பிடித்து ரேடியோ பழுதுபார்க்கும் கடை போட்டபோது, இதுவும் ஒரு வருடக் கூத்துதான் என்று அவன் மனைவி மங்களம் நினைத்தாள். மூன்று வருடம் ஓடிவிட்டது. தினம் ஒரு புதுப் பழுது வந்ததால்தான் அவன் தாக்குப்பிடித்தான்.

1979 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை டொமினிக் கிட்டாரோடு அந்தக் கடைக்கு வந்தான்.

டொமினிக் அவனுக்குப் பந்துத் திடலில் பழக்கமானவன். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பகலில் சுண்ணாம்பு மலையடியில் கல் குவாரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிட்டார். கல்யாணம், பிறந்தநாள் என்றால் ஒரு வாத்தியக் குழுவோடு போவான். அவன் தனியாக வாசிக்கும் இடம் வந்துவிட்டால், பந்தியில் இருப்பவர்கள் கையை இலையில் வைத்தபடியே திரும்பிப் பார்ப்பார்கள். ஈப்போவில் ஓர் ஓட்டல், வாரத்துக்கு ஐந்து நாள் வாசிக்க ஒரு குழுவைத் தேடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை போய் வாசித்துக் காட்ட வேண்டும். அது கிடைத்தால் குவாரியை விட்டுவிடலாம் என்று டொமினிக் இருந்தான்.

கிட்டாரில் ஒரு குறை இருந்தது. அதில் கம்பிகளுக்கு அடியில் இரண்டு பிக்அப்கள். ஒவ்வொன்றிலும் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய இரண்டு சுருள்கள், அடியில் ஒரு காந்தம். கம்பி அதிர்வதைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அவைதான். டொமினிக்கின் கிட்டாரில் அவை மூடியில்லாமல் கிடந்தன. மண்டபத்தில் டியூப்லைட்டைப் போட்டால் போதும், ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் கூடவே வரும். உலோக மூடி போட்டால் அடங்கும் என்று யாரோ சொல்லி, சிங்கப்பூர் போய்வந்த ஒருவர் மூலம் இரண்டு மூடிகள் வரவழைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் ஆறு துளைகள். புது ஸ்பூன்போல மின்னின.

“சனிக்கெழமைக்குள்ள முடியுமா மச்சான்?”

“இதுல என்னலா இருக்கு? நாளைக்கு சாயந்தரம் வா” என்றான் பத்துமலை.

அதுவரை அவன் ஒரு பிக்அப்பைக் கழற்றிக்கூடப் பார்த்ததில்லை. அதை அவன் சொல்லவில்லை.

மறுநாள் காலை உட்கார்ந்தான். கழுத்துப் பக்கத்துப் பிக்அப் முதலில். மூடியைச் சுருள்களின்மேல் கவிழ்த்து, ஆறு துளைகளிலும் ஆறு திருகுத் தலைகள் சரியாக வந்து நிற்கும்படி அழுத்தி, அடித்தகட்டோடு இரண்டு இடத்தில் ஈயம் வைத்தான். கொஞ்சம் மக்கர் பண்ணியது. ஆனாலும் பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவதை எடுத்தான். அது, கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாலத்துப் பக்கத்தில் இருப்பது. தனியாக வாசிக்கும்போது டொமினிக் நம்புவது அதைத்தான்.

அந்த மூடியில் ஈயம் ஒட்டவில்லை. முலாம் பூசிய விளிம்பை அரத்தால் சுரண்டிவிட்டு வைத்திருக்க வேண்டும். அவனுக்குச் சுரண்டப் பொறுமையில்லை. அவனிடம் இருந்ததோ ரேடியோவுக்கு ஈயம் வைக்கும் சின்னச் சூட்டுக்கோல். அதன் சூட்டையெல்லாம் தகடு குடித்துவிட்டது. ஈயம் உருண்டு உருண்டு ஓடியது. கோலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மூக்கில் பிளாஸ்டிக் வாடை அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை, இப்போது பிடித்துவிடும், இப்போது பிடித்துவிடும் என்று இருந்தான். கடைசியில் ஒரு புளியங்கொட்டையளவுக்கு ஈயம் திரண்டு மூடி நின்றுவிட்டது.

ஆறியதும் மீட்டரை வைத்துப் பார்த்தான். முதல் பிக்அப்பில் முள் எங்கே நின்றதோ அங்கே இதிலும் நிற்க வேண்டும். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. உள்ளே ஒரு சுருள் வெந்து, கம்பியும் கம்பியும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எழுந்து வாசலுக்குப் போனான். திரும்பி வந்தான். மறுபடி மீட்டரை வைத்தான். முள் அதே இடத்தில்தான் நின்றது. இரண்டு பிக்அப்களையும் கிட்டாரில் பூட்டி, கடையிலிருந்த சின்ன ஒலிபெருக்கியில் சொருகித் தட்டிப் பார்த்தான். கழுத்துப் பக்கம் கணீரென்றது. பாலத்துப் பக்கம் வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

டொமினிக்கிடம் சொல்லியிருக்கலாம். அன்று புதன்கிழமைதான், சனிக்கு மூன்று நாள் இருந்தது. வேறொரு கிட்டாரை அவன் இரவல் வாங்கியிருப்பான். பத்துமலை அதைச் செய்யாமல் திருப்புளியை எடுத்தான். ஒவ்வொரு பிக்அப்பின் இரு பக்கத்திலும் அதை ஏற்றி இறக்க ஒரு திருகு உண்டு. கம்பியை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்குச் சத்தம் குறையும். நன்றாக இருந்த கழுத்துப் பக்கத்துப் பிக்அப்பை அவன் இறக்கினான். ஒரு சுற்று இறக்கித் தட்டிப் பார்த்தான். இன்னொரு சுற்று. ஏழு சுற்றில் இரண்டும் ஒரே மாதிரி மந்தமாக ஒலித்தன.

ஏன் அப்படிச் செய்தோம் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுக்கொண்டான். கெட்ட எண்ணம் எதுவும் அந்த நேரத்தில் இல்லை. இரண்டும் ஒன்றுபோல் கேட்க வேண்டும் என்பது மட்டுமே மண்டையில் இருந்தது.

சாயந்தரம் டொமினிக் குவாரித் தூசியோடு வந்தான். இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தினான்.

“சத்தம் கொஞ்சம் உள்ள போன மாதிரி இருக்கே மச்சான்.”

“மூடி போட்டா அப்படித்தான்லா. எரைச்சலும் அடங்கும், சத்தமும் கொஞ்சம் அடங்கும்.”

டொமினிக் கடையின் டியூப்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தான். இரைச்சல் இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக, பத்துமலையின் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை என்ன நடந்தது என்பதைத் திங்கட்கிழமை அவனே வந்து சொன்னான். ஓட்டல் கூடம் பெரியது. டிரம்ஸும் ஆர்கனும் சேர்ந்ததும் அவன் கிட்டார் எங்கே என்றே தெரியவில்லை. ஒலிபெருக்கியை ஏற்றினால் அது சீறியது. விரலால் பலமாக அடித்தான். பலமாக அடித்ததில் சுரம் தப்பியது. தப்பியதும் பயம் வந்தது. பிறகு தொட்டதெல்லாம் தப்பு. ஓட்டல்காரர் குழுத் தலைவரைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் சரி, கிட்டார் மட்டும் வேறு ஆள் பாருங்கள் என்றாராம். தெலுக் இந்தானிலிருந்து ஒருவனை வரவழைத்துக்கொண்டு குழு ஓட்டலில் ஏறிவிட்டது.

“கல்லத் தூக்கித் தூக்கி வெரல் மரத்துப்போச்சு மச்சான்” என்று டொமினிக் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தான். “எனக்கே தெரியாமப் போயிருச்சு.”

பத்துமலை அந்தக் கைகளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அப்போது பார்த்து ஒரு சீனக் கிழவர் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் போகும்போது டொமினிக்கும் போய்விட்டான்.

அதற்குப் பிறகு சொல்ல நினைத்த ஒவ்வொரு நாளும், நேற்றே சொல்லாமல் போனது ஒரு தடையாக வந்து நின்றது. டொமினிக் மாதா கோயிலில் வாசிப்பதையும் நிறுத்தினான். விரலுக்கு எண்ணெய் தேய்த்தான், வெந்நீரில் வைத்துப் பார்த்தான். ஏப்ரலில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வந்து நின்றபோது, பத்துமலைதான் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். இரண்டு மணி நேரம் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். வெளியே வந்த டொமினிக், அவருக்கு என்ன தெரியும், அவர் கிட்டார் வாசிப்பவரா என்று கேட்டான். வரும் வழி முழுக்க அவன் மூச்சுக் காற்று பத்துமலையின் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

பத்துமலைக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பாதி பிரித்த ரேடியோவை அப்படியே வைத்துவிட்டு, பட்டப்பகலில் பலகையைச் சாத்திவிட்டு மோட்டாரை எடுப்பான். கோப்பெங் வரை போவான். கம்பார் வரை போவான். பால் சேர்க்காத ஒரு தே ஓ குடித்துவிட்டு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவான். சைக்கிள் கடை வைத்திருந்த சின்னையா, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். வீட்டில் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். மறுபடி வேலை மாற்றும் நினைப்பு வந்துவிட்டதா என்று மங்களம் கேட்டாள். இல்லை என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை அவளால் வாங்க முடியவில்லை.

செப்டம்பரில் டொமினிக்குக்குச் சுங்காயில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்தது. தங்குவதற்கு அறையும் தருகிறார்கள். போகும்முன் கிட்டாரைப் பாகான் செராயில் இருக்கும் சித்தி மகனுக்குக் கொடுத்துவிடும்படி தங்கை பெட்ரீசியாவிடம் சொன்னான். அண்ணனும் தங்கையும் மட்டும்தான் வீட்டில். பெட்ரீசியா ஈப்போவுக்கு வெளியே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நான்கு வருடமாக வேலை பார்த்தாள். பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான இடத்தில் ஈயம் வைப்பதுதான் அவள் வேலை.

கொடுப்பதற்கு முன் ஓடுகிறதா என்று அவள் சொருகிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் வேலை முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடு, கிட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு நேரே பத்துமலையின் கடைக்கு வந்தாள். மேசைமேல் வைத்தாள். பாலத்துப் பக்கத்துப் பிக்அப்பைக் கழற்றிக் கவிழ்த்து வைத்திருந்தாள். திரண்டுபோன ஈயம் தெரிந்தது.

“அண்ணே, இது நீங்க வச்சதா?”

“ஆமா.”

“எங்க லைன்ல இப்படி ஒண்ணு வந்தா தூக்கிப் போட்டுருவாங்க. சூடு பத்தல. பத்தாத சூட்ட ரொம்ப நேரம் வச்சிருக்கீங்க. உள்ள வெந்திருக்கும்.”

பத்துமலை அந்த ஈயத்தை நகத்தால் சுரண்டினான்.

“அது தெரியாம நடந்தது. யாருக்கும் நடக்கும்” என்றாள். பிறகு அடுத்த பிக்அப்பின்மேல் விரலை வைத்தாள். “இது ஏன் இவ்வளவு கீழ கெடக்கு? நான் ஏத்திப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. திரும்ப இருந்தபடியே எறக்கி வச்சிருக்கேன். அண்ணனுக்கு ஸ்குருவத் தொடவே தெரியாது. யார் எறக்குனது?”

தெருவில் பள்ளிக்கூட பஸ் ஒன்று போனது.

“நான்தான்” என்றான்.

நடந்ததை எல்லாம் சொன்னான். சொல்லும்போது கையில் ஒரு திருகைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தான். அவன் முடித்ததும் பெட்ரீசியா கிட்டாரை மறுபடி துணியில் சுற்றினாள்.

“அவரு புதன்கெழம கெளம்புறாரு. நாளைக்குக் காலையில வீட்டுல இருப்பாரு. நீங்க வந்து சொல்லுங்க. வரலன்னா நான் சொல்லிருவேன்ணே. நான் சொல்லிக் கேட்டா, அதுக்கப்புறம் உங்க மூஞ்சியப் பாக்க மாட்டாரு.”

அன்று வீட்டுக்குப் போனதும் பத்துமலை மங்களத்திடம் சொன்னான். அவள் தைத்துக்கொண்டிருந்த பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதைச் சொன்னபோதுதான் தலை நிமிர்ந்து, அதுவும் நீதானா என்று கேட்டாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு டொமினிக் வீட்டுக் கூடத்தில் ஒரு தகரப்பெட்டி திறந்து கிடந்தது. டொமினிக் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். பத்துமலை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்: சுருளை எரித்தது, மீட்டரில் பார்த்துத் தெரிந்துகொண்டது, நல்லதை இறக்கியது, மூடி போட்டால் அடங்கும் என்று பொய் சொன்னது. உன் விரலில் ஒன்றுமில்லை என்றான்.

டொமினிக் மடித்துக்கொண்டிருந்த சட்டையைப் பெட்டிக்குள் வைத்தான். கிட்டாரை எடுத்து, இறங்கிக் கிடந்த பிக்அப்பை விரலால் தடவிப் பார்த்தான்.

“ஏழு மாசம்” என்றான். “நீ எரிச்சது போகட்டும். ஆஸ்பத்திரியில எம் பக்கத்துல உக்காந்திருந்தேலா. ரெண்டு மணி நேரம்.”

“ஆமா.”

“அப்பயும் சொல்லத் தோணல.”

“தோணுச்சு. சொல்லல.”

அவன் அடித்திருந்தால் பத்துமலைக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். டொமினிக் கிட்டாரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, குவாரிப் பக்கம் போகும் சாலையில் நடந்தான். அன்று அவனுக்கு வேலை இல்லை. சும்மா நடந்து போனான். பத்துமலை வாசலுக்கு வந்து அவன் திரும்பும் முனை வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்னாலிருந்து பெட்ரீசியா, அந்தச் சுருளைத் திரும்பச் சுற்ற முடியுமா என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றான். பார்க்கிறேன் வேண்டாம், செய்வீர்களா மாட்டீர்களா என்றாள்.

அவ்வளவு மெல்லிய கம்பி சாதாரணக் கடையில் கிடைக்காது. மின்மோட்டாருக்குச் சுருள் சுற்றும் பட்டறைகள் எல்லாம் ஏறி இறங்கினான். கடைசியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்த ரிலே என்ற மின் சுவிட்ச் ஒன்றை வாங்கி, அதன் சுருளைப் பிரித்தான். பெட்ரீசியா தன்னுடைய பெரிய கோலால் அந்தப் பழைய ஈயத்தை நொடியில் உருக்கி மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். உள்ளே ஒரு சுருளின் பிளாஸ்டிக் ஓரம் வளைந்து போயிருந்தது. கம்பி கறுத்து ஒட்டிக் கிடந்தது. ஓரத்தைச் சுடுதண்ணீரில் காட்டி நிமிர்த்தினான்.

சுற்றுவதற்கு மங்களத்தின் தையல் இயந்திரம். நூல்கட்டை சுற்றும் இடத்தில் சுருள் கட்டையைப் பொருத்தினான். அவள் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி எண்ண, அவன் இரண்டு விரலுக்கு நடுவே கம்பியை விட்டுக்கொண்டே போனான். இறுகினால் அறும், தளர்ந்தால் சிக்கும். முதல் நாள் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை சுற்றும்போது பாதியில் அவன் எழுந்து நடக்கப் போனான். மங்களம் சக்கரத்திலிருந்து கையை எடுக்காமல், எண்ணிக்கை எனக்கு மறந்துவிடும், உட்கார் என்றாள். உட்கார்ந்தான். இரண்டரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அவன் ஆயுளில் அவ்வளவு நேரம் ஓர் இடத்தில் இருந்தது அன்றுதான். மீட்டரில் முள், எரியாத மற்றச் சுருள் காட்டிய அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மூடியைப் பெட்ரீசியா பூட்டினாள். விளிம்பின் முலாமை அரத்தால் சுரண்டி, தகட்டையும் சுரண்டி, இரண்டிலும் தனித்தனியே ஈயத்தைத் தடவிவிட்டு, மூடியை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். கோலை வைத்தாள், மூன்று எண்ணுவதற்குள் எடுத்தாள். மறு பக்கமும் அப்படியே. பிறகு மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு மைலோ டின்னில் போட்டு, டின்னைச் சுடுதண்ணீரில் நிறுத்தி உருக்கி, பிக்அப்பை அதில் முக்கினார்கள். உள்ளே குமிழ் வருவது நிற்கும்வரை வைத்திருந்தார்கள். இடைவெளி இருந்தால் சத்தத்தைக் கூட்டும்போது மூடி விசில் அடிக்கும் என்று பெட்ரீசியா தொழிற்சாலையில் ஒரு பொறியாளரிடம் கேட்டு வந்திருந்தாள். வேலை முடிய இரண்டு வாரம் ஆனது. டொமினிக் அதற்குள் சுங்காய்க்குப் போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்ரீசியா பஸ்ஸில் கிட்டாரைக் கொண்டுபோய் அவன் அறையில் வைத்துவிட்டு வந்தாள். வாங்கிக்கொண்டான் என்றாள்.

ஓட்டல் வேலை போனது போனதுதான். தெலுக் இந்தான்காரன் அங்கே நிலையாகிவிட்டான்.

மறு வருடம் ஜூனில் பத்துமலையும் மங்களமும் அவன் பிறந்த தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். தோட்டத்து மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருக்க, மேடையில் ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து வைத்த ஒரு குழு. இலைக்கு முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்தபோதுதான் டொமினிக் நிற்பதைப் பத்துமலை பார்த்தான். எழுந்து போய்விடலாம் என்று காலை மடக்கினான். மங்களம் அவன் முழங்காலின்மேல் கையை வைத்தாள்.

டொமினிக் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. கிட்டார் டிரம்ஸுக்கு மேலே ஏறி, மண்டபத்தின் தகரக் கூரையில் போய் மோதித் திரும்பியது. சாம்பார் வாளியோடு வந்தவர் நின்றுவிட்டார். பத்துமலை கையை இலையில் வைத்தபடியே கேட்டான். சந்தோஷமா, வெட்கமா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. ஏழு மாதம் இந்தக் கைகளை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தவன் இவன்.

குழு இளைப்பாறும்போது டொமினிக் இறங்கி வந்தான். மங்களத்திடம் சௌக்கியம் விசாரித்தான். தங்கைக்கு டிசம்பரில் கல்யாணம், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் அக்கா என்றான். பத்துமலை பக்கம் திரும்பவில்லை. போகப் போனவன் நின்றான்.

“ஆம்ப் சூடாகுது” என்றான், மேடையிலிருந்த தன் ஒலிபெருக்கியைப் பார்த்தபடி. “அரை மணி நேரத்துல வாட வருது.”

“நான் ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்” என்றான் பத்துமலை அவசரமாக.

“நீ வராத. நான் கடைக்குக் கொண்டுவாரேன்.”

அந்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பத்துமலை இரண்டு நாளும் கடையைத் திறந்து வைத்து, வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தான். ஜூலை கடைசியில் ஒரு நாள், ஒலிபெருக்கியை ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு டொமினிக் வந்து இறங்கினான். மேசைமேல் தூக்கி வைத்தான். பத்துமலை நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டொமினிக் உட்காரவில்லை. மேசையை ஒட்டி நின்று, பின்பலகையைக் கழற்றியதிலிருந்து கடைசித் திருகை முடுக்கும்வரை, பத்துமலையின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் செய்வதற்குமுன் இன்னது செய்கிறேன் என்று பத்துமலை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தான். ஓர் இடத்தில் கோலை வைத்து ஈயம் ஒழுங்காகப் படியாதபோது, எடுத்து, சுரண்டிவிட்டு, இதைத் திரும்ப வைக்க வேண்டும் என்றான்.

“வையி” என்றான் டொமினிக்.